பதினாறாம் குழியில் ஒரு தலையணை உறை

எல்ஸ்பெத் கேர்ன்கிராஸ் செப்டம்பர் கடைசித் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஈரத் தலையணை உறை ஒன்றை வாளியில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். கடலைக் காணவில்லை. கடலுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் கோல்ஃப் மைதானத்தையும் காணவில்லை. கடல்பனி வந்து பிட்கார்னி ஊரையே விழுங்கிவிட்டு, ஒரு ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருந்தது.

"நாசமாப் போச்சு," என்றாள்.

ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் இரண்டாவது வரிசையில் நின்று பாடுகிறவள், சும்மா வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள். அன்று மாலை ஆறு மணிக்குள் அந்தத் துணி காயாவிட்டால், இருநூற்று அறுபது வருஷத்து உரிமை ஒன்று போய்விடும். போனால் போனதுதான்.

எங்கள் ஊரில் முதலில் வந்தது துணி. பந்து அப்புறம்தான் வந்தது. கடலோரப் புல்வெளியை ஒட்டிய பதினோரு வீடுகளும் அந்தப் புல்வெளியில் துணி உலர்த்திக்கொள்ளலாம் என்று ஆட்டுத்தோலில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். எழுதினவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொடியில் போடும்போது துணி சொட்ட வேண்டும். திறந்த வெளியில், நெருப்புக் காட்டாமல் காய வேண்டும். காய்ந்ததா என்பதை ஊர்த்தலைவர் சாட்சி முன்னிலையில் தம் கன்னத்தை அதில் நாளுக்கு ஒரே தடவை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது வருஷத்துக்கு ஒரு தடவையாவது, செப்டம்பர் முடிவதற்குள், ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் நடந்தாக வேண்டும். ஒரு வருஷம் தவறினால் அந்த வீட்டுக்கு உரிமை கிடையாது. கண்டவர் வீட்டுப் போர்வையில் கன்னம் வைத்து அலுத்துப்போன ஒரு தலைவர், அந்தப் பொறுப்பை கோல்ஃப் மன்றத்தின் கேப்டன் தலையில் கட்டிவிட்டார். அதன்பின் எந்தக் கேப்டனாலும் அதைக் கழற்ற முடியவில்லை.

மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகத் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கினார்கள். திங்கட்கிழமையை மறந்தார்கள். மிச்சம் எல்ஸ்பெத் ஒருத்திதான். இயந்திரம் அவளிடமும் உண்டு. மூன்று அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டுப் பிழைக்கிறவள், அத்தனை படுக்கை விரிப்பையும் பனியை நம்பி வைத்திருக்க முடியுமா? அவை இயந்திரத்தில் சுழலும். அவளுடைய சொந்தத் துணிகள் மட்டும் பதினாறாம் குழியின் புல்வெளியில், மன்றமே வருஷாவருஷம் வண்ணமடித்துக் கொடுக்கும் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவில் ஆடும். முப்பத்தெட்டு வருஷத்தில் அவற்றில் வந்து விழுந்த பந்துகள் இருநூற்றுப் பதினான்கு. அதற்கும் மன்றத்தில் விதி இருந்தது. காய்ந்த துணியில் பந்து விழுந்தால், அபராதம் இல்லாமல் எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். ஈரத் துணியில் விழுந்தால் கிடந்த நிலையிலேயே அடிக்க வேண்டும். காய்ந்த துணிக்குத்தான் ஆட்டுத்தோலின் பாதுகாப்பு. ஈரத் துணி விதிப்படி வெறும் வானிலை. ஒரு சமயம் எல்ஸ்பெத்தின் கணவன் ராபின் உயிரோடிருந்தபோது, அவனுடைய நீள உள்ளாடையின் இடது காலுக்குள் விழுந்த பந்தைப் பாதிரியார் கிடந்த நிலையிலேயே அடித்தார். உள்ளாடை இருபது கஜம் போயிற்று.

வழக்கமாக இந்தக் கன்னம் வைக்கும் காரியம் ஜூன் மாதத்திலேயே ஒரு கோப்பை ஷெர்ரி மதுவோடு முடிந்துவிடும். இந்த வருஷம் ஜூனில் கேப்டனுக்குக் குடலிறக்க அறுவை. ஜூலை, ஆகஸ்ட் முழுக்கத் திங்கள் தவறாமல் மழை, செவ்வாய் தவறாமல் வெயில். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை துணி அப்பளமாகக் காய்ந்தது. கேப்டன் குனிந்து கன்னத்தைக் கொண்டுபோகும் நேரம் பார்த்து, மேலே பறந்த கடற்காக்கை தன் காரியத்தை முடித்துக்கொண்டது.

"இது ஈரம்தான், மிஸஸ் கேர்ன்கிராஸ்," என்று சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையை எடுத்தார்.

கேப்டன் ஆர்ச்சி லம்ஸ்டன் ஒரு காலத்தில் பிட்கார்னியின் ஸ்டேஷன் மாஸ்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ரயில் பாதையை மூடிவிட்டார்கள். ரயில் போய்விட்டது, கடிகாரம் போகவில்லை. கேப்டனானதும் முதல் குழியருகே பலகை மாட்டினார்: ஆட்டத்தில் ஐந்து நிமிடம் தாமதித்தால் கணக்கில் இரண்டு அடி கூடுதல் அபராதம், பத்து நிமிடம் தாமதித்தால் ஆட்டத்திலிருந்து நீக்கம். துணிக் கொடியால்தான் பதினாறாம் குழியில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் புகார். உரிமை போனதும் வேலி போட்டு முட்புதர் வைத்து, எல்ஸ்பெத்தின் கொல்லைக் கதவை ஆணியடித்து மூடுவதாகக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. வேலிக்கம்பங்கள்கூட வந்து இறங்கிவிட்டன. ஆனால் ஒன்று: மனிதர் பொய் சொல்ல மாட்டார். அவர் சொன்னால் ஈரம் ஈரம், காய்ச்சல் காய்ச்சல். எல்ஸ்பெத்துக்குப் பயமே அதுதான்.

காலை உணவு மேசையில் ஒரே ஒரு விருந்தாளி, மிஸ்டர் பிக்கர்ஸ். யார்க்ஷயரில் கசாப்புக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அமைதி வேண்டும் என்று ஒரு வாரத்துக்கு வந்து, மூன்றாம் நாளே அமைதி தாங்காமல் தவித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் புகை போட்ட மீனை அப்படியே வைத்துவிட்டார்.

"எங்கிட்ட தலைமுடி காய வைக்கிற மெஷின் இருக்குங்க. நீளமா ஒரு வயரு மட்டும் குடுங்க, அஞ்சே நிமிஷம்!"

"உங்க தலையில ஏது முடி?"

"என் சம்சாரத்தோடது. அதை விடுங்க. வெட்டவெளியிலதானே காயணும்? நான் வெட்டவெளியில நின்னே பிடிக்கிறேன்."

"நெருப்புக் காட்டக் கூடாதுன்னு இருக்கு."

"அது காத்துதாங்க."

"உள்ள கம்பி செவப்பா எரியுதே, அது என்னவாம்? பேசாம மீனைச் சாப்பிடுங்க."

எட்டரை மணிக்கு சாட்சி வந்தான். மைதானத்துப் புல்லைக் கவனித்துக்கொள்ளும் டேவி நெய்ர்ன். அவன் உறையைப் பிழிந்தான். சொட்டுகள் விழுந்தன.

"ஒண்ணே ஒண்ணுதானா, எல்ஸ்பெத்?"

"ஒண்ணு போதாதா? மெல்லிசுப் பருத்தி. சீக்கிரம் காயும்."

"இந்தப் பனியில மீன்கூடக் காயாது." டேவி பனியை ஏற இறங்கப் பார்த்தான். "நான் வேணா கன்னத்துல மாவு பூசிட்டு வரச் சொல்லட்டுமா கேப்டனை?"

"சிரிக்காதடா டேவி. எனக்கு அழுகை வருது."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் உறையை வாய் பிளந்தாற்போல் இரண்டு கவ்விகளில் மாட்டினாள், காற்று வந்தால் உள்ளே போகட்டும் என்று. ஓரத்தில் அவளே பின்னிய டெய்சிப் பூக்கள் வரிசையாக இருந்தன. காற்று வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்ததா, இன்னும் நனைந்துகொண்டிருந்ததா என்றே தெரியவில்லை. எவ்வளவோ தொட்டதில் அவள் விரல்தான் சுருங்கியது.

அன்று இலையுதிர் பதக்கத்துக்கான போட்டி நாள். ஊருக்கு உள்ளூர் விடுமுறை. ஆர்ச்சி முப்பத்தொரு வருஷமாக அந்தப் பதக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு தரமும் கிடைத்ததில்லை. அன்றைக்கென்று எதையும் பார்க்க முடியாததாலோ என்னவோ, பிரமாதமாக ஆடினார். அடிகள் குறைந்தவருக்கே வெற்றி என்ற அந்த ஆட்டத்தில், பதினைந்து குழிகள் முடிந்தபோது மற்ற எல்லோரையும்விட இரண்டு அடி குறைவு என்று, கூட ஆடிய பாதிரியார் அவருடைய அட்டையில் குறித்திருந்தார்.

பிற்பகல் இரண்டே முக்கால் இருக்கும். எல்ஸ்பெத் கொடியருகே நின்றிருந்தாள். பனிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு அடி கேட்டது. அப்புறம் அவள் முழங்கையை ஒட்டி 'தொப்' என்று ஒரு சத்தம். தலையணை உறை ஒரு குலுங்கு குலுங்கி, அடியில் முட்டை வைத்த மாதிரி தொங்கியது.

பனியைக் கிழித்துக்கொண்டு ஆர்ச்சி வந்தார். பின்னால் பாதிரியார். அதற்கும் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மிஸ்டர் பிக்கர்ஸ்.

"இங்க ஒரு பந்து..." என்று ஆரம்பித்த ஆர்ச்சி உறையைப் பார்த்தார். பந்தின் வடிவத்தைப் பார்த்தார். எல்ஸ்பெத்தைப் பார்த்தார். "அடக் கடவுளே," என்றார்.

"அவரை இழுக்காதீங்க," என்றார் பாதிரியார்.

இக்கட்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. காய்ந்தது என்று சொன்னால் ஆர்ச்சிக்குப் பந்து வெளியே வரும், பதக்கமும் கைக்கு வரும். ஆனால் எல்ஸ்பெத்தின் உரிமை பிழைத்துவிடும். ஈரம் என்று சொன்னால் உரிமை செத்தது, வேலி எழுந்தது. ஆனால் அவர் இடுப்பு உயரத்தில் தொங்கும் பைக்குள்ளிருந்து பந்தை அடித்தாக வேண்டும். முப்பத்தொரு வருஷம் கைக்கு எட்டாதது இப்போது எட்டி, வாய்க்கு எட்டாமல் போய்விடும்.

டேவியை அழைத்து வர மிஸ்டர் பிக்கர்ஸ் ஓடினார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை.

சாட்சி வந்து நின்றதும் ஆர்ச்சி தொப்பியைக் கழற்றினார். "மிஸஸ் கேர்ன்கிராஸ், நான் எது உண்மையோ அதைத்தான் சொல்லுவேன்."

"வேற என்னத்தைச் சொல்லப் போறே, ஆர்ச்சி? பள்ளிக்கூடத்துல என்னைக் காட்டிக் குடுத்தவன்தானே நீ."

"நீங்க சன்னலை உடைச்சீங்க."

"உடைச்சேன். யாரு இல்லேன்னா?"

அவர் குனிந்து இடது கன்னத்தை டெய்சிப் பூக்களின்மேல் வைத்தார். எல்ஸ்பெத்துக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. உறை சில்லென்று ஈரமாக இருந்ததென்று அவளுக்கே தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். "சொல்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கோ. கதவை ஆணியடிக்கிறப்போ என்கிட்ட முன்னாடியே சொல்லிடு. நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அந்தச் சத்தத்தை நான் கேக்க மாட்டேன்."

ஆர்ச்சி கன்னத்தை எடுக்காமல் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். "உங்ககிட்டதான் மெஷின் இருக்கே. அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"துணிக்குன்னா நினைச்சே?" அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ராபின் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. ஜூன்ல வர்ற விருந்தாளி செப்டம்பர்ல போயிடுவான். அப்புறம் இந்த வீட்டுல நானும் கடிகாரமும்தான். திங்கக்கிழமை நான் துணி போட வந்தா, காலையிலேருந்து மத்தியானத்துக்குள்ள நாப்பது பேரு எனக்குக் குட் மார்னிங் சொல்றான். மழை வருமா எல்ஸ்பெத்துன்னு கேக்கறான். பந்து விழுந்தா மன்னிப்புக் கேக்கறான். செவ்வாக்கிழமை ஒருத்தன்கூட இல்லே. எண்ணிப் பாத்துட்டேன். ஒருத்தன்கூட."

மிஸ்டர் பிக்கர்ஸ் மூக்கைச் சிந்தினார்.

ஆர்ச்சி கன்னத்தை எடுக்கவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். "ஆர்ச்சி, நாலு நிமிஷம் ஆகுது. அஞ்சுக்கு ரெண்டு அடி. உங்க பலகைதான்."

"தெரியும்," என்றது உறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அஞ்சு."

"எழுதிக்குங்க."

பாதிரியார் அட்டையில் எழுதினார். டேவி எல்ஸ்பெத்தின் காதருகே வந்தான். "கன்னம் வைக்கணும்னு இருக்கு. எவ்வளவு நேரம் வைக்கலாம்னு ஆட்டுத்தோல்ல இல்லையே, எல்ஸ்பெத்." அவன் முகம் அப்பாவியாக இருந்தது. எல்ஸ்பெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கவ்விப் பையை அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்ச்சி, உனக்குப் பைத்தியமா? பதக்கம் போயிடும்டா."

"பேசாதே, எல்ஸ்பெத்," என்றார் அவர். நாற்பது வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக 'மிஸஸ் கேர்ன்கிராஸ்' என்று கூப்பிடுவதை விட்டிருந்தார். "நீ பேசினா ஈரம் அதிகமாகுது."

பத்து நிமிஷம் ஆனது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் ஆடி வந்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் பனிக்குள்ளிருந்து வந்து நின்றார்கள். வந்தவர்கள் பார்த்தது இதுதான்: தலை குனிந்த பாதிரியார், தொப்பியில்லாத கேப்டன், வெள்ளைத் துணி, அழுத முகத்தோடு ஒரு விதவை, மூக்கைச் சிந்தும் யாரோ ஒரு அந்நியர். சத்தமில்லாமல் அவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். "யாரு போனது?" என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டார். "தெரியலே. நல்ல மனுஷனாத்தான் இருக்கணும், லம்ஸ்டன் ஆட்டத்தையே நிறுத்திட்டாரே," என்றார் இன்னொருவர். மூன்றேகால் மணிக்கு முப்பத்திரண்டு பேர் தலை குனிந்து நின்றார்கள். பிட்கார்னியின் எந்தச் சாவுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

"முதுகு வலிக்குதா?" என்றாள் எல்ஸ்பெத்.

"குடலிறக்கம் வலிக்குது."

"எடுத்துடு, ஆர்ச்சி. போதும். நீ இவ்வளவு செஞ்சதே எனக்குப் போதும்."

"ஒண்ணு சொல்றேன் கேளு." அவர் பேசும்போது உறையின் ஓரம் மூச்சில் மெல்ல ஆடியது. "கடைசி ரயில் அன்னிக்கு நீ பிளாட்ஃபாரத்துல இருந்தியா?"

"இருந்தேன். ஊரே இருந்துது."

"ஆறு பன்னெண்டுக்கு அது கெளம்பணும். நான் கொடியைக் காட்டினாத்தான் போகும். எல்லாரும் அழறீங்க. பாண்டு வாத்தியக்காரன் பாதிப் பாட்டுல இருக்கான். நான் கடிகாரத்தைப் பாத்தேன். ஆறு பன்னெண்டு. கொடியைக் காட்டிட்டேன்." கன்னத்தை உறையில் இன்னும் அழுத்தினார். "பாட்டு முடியற வரைக்குமாவது நிறுத்தி வெச்சிருக்கலாம். யாரு கேக்கப் போறா? மறுநாள் ரயிலே இல்லே. எந்த ரயிலுக்கு லேட்டாகும்?"

எல்ஸ்பெத் அவர் தோள்மேல் பனி படிந்திருந்ததை கையால் தட்டிவிட்டாள்.

மூன்று மணி முப்பத்தாறு நிமிஷத்துக்கு ஆர்ச்சி லம்ஸ்டன் நிமிர்ந்தார். நிமிர இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. இடது கன்னம் செக்கச்செவேல் என்று இருந்தது. அதில் மூன்று டெய்சிப் பூக்கள் இதழ் இதழாகப் பதிந்திருந்தன.

"சாட்சி இருக்கானா?"

"இருக்கேன், கேப்டன்."

"என் கன்னம் வெச்ச இடம் காஞ்சிருக்கு," என்றார் சத்தமாக. "பொய்யில்லே. நீயே வெச்சுப் பாரு."

டேவி கன்னம் வைத்தான். "காஞ்சிருக்கு, சுடுதுகூட," என்றான்.

கூட்டம் எதற்கென்று தெரியாமலே கை தட்டியது. ஆர்ச்சி உறைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தார். புல்லில் போடவில்லை, எல்ஸ்பெத்தின் கையில் வைத்தார். அட்டையை வாங்கி, தம் பெயருக்கு நேரே 'தாமதம் காரணமாக நீக்கம்' என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற முப்பத்திரண்டு பேரிடமும், "நகருங்க, நகருங்க, இப்பவே ஏகப்பட்ட நேரமாச்சு," என்று எரிந்து விழுந்தார்.

பதக்கம் பல் டாக்டர் ஒருவருக்குப் போயிற்று. பரிசளிப்பில் கேப்டன் கன்னத்தில் பூக்களோடு நின்று அதைக் கொடுத்ததாகவும், யாரும் சிரிக்கவில்லை என்றும் மாலையில் டேவி வந்து சொன்னான். மிஸ்டர் பிக்கர்ஸ் இன்னும் ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லிவிட்டார். எல்ஸ்பெத் சமையலறையில் உறையை விரித்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது உள்ளங்கை அகலம்தான். சுற்றிலும் ஈரம், பிழிந்தால் சொட்டும். அதை இயந்திரத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை. நாற்காலி முதுகில் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பனி விலகி வெயில் அடித்தது. செவ்வாய்க்கிழமையாயிற்றே, அடிக்காமல் இருக்குமா? பத்து மணிக்குக் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். முதலில் மிஸ்டர் பிக்கர்ஸ்தான் எதையோ மறந்துவிட்டு உலாவப் போய்த் திரும்பியிருக்கிறார் என்று நினைத்தாள். திறந்தால், கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆர்ச்சி நின்றார். கையில் பந்தடிக்கும் மட்டை இல்லை. கன்னத்தில் ஒரு பூ இன்னும் மிச்சமிருந்தது.

"குட் மார்னிங், எல்ஸ்பெத்," என்றார். "மழை வருமா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. "இன்னிக்குத் துணி எதுவும் போடலியே, ஆர்ச்சி. செவ்வாக்கிழமையாச்சே."

"தெரியும்," என்றார் அவர். "செவ்வாக்கிழமைன்னுதான் வந்தேன்."